பெட்டிக்குள் அடங்க வேண்டிய துப்பாக்கி

ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் கருவி பற்றிய விவாதம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 420 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும், அதன் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பதோடு பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வீரர் ஓரிடத்தில் நின்று, மாறாத தொலைவில் இருக்கும் மாறாத இலக்கைச் சுடுவதால், கருவியைத் திருத்திப் பெறக்கூடிய ஆதாயத்துக்கும் அங்கே ஓர் எல்லை உண்டு. பிராக்டிக்கல் ஷூட்டிங் எனப்படும் செயல்முறைச் சுடுதலில் அந்த எல்லை இல்லை. இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, தடுப்புச் சுவர்களுக்கு இடையே ஓடி, இடுக்குகள் வழியாகவும் தாழ்ந்த சாளரங்கள் வழியாகவும் பல தொலைவுகளில் உள்ள அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட்டு, நடுவில் தோட்டாக்களைக் கொண்ட மேகசினை மாற்றி, இவை அனைத்தையும் கடிகாரத்துக்கு எதிராகச் செய்ய வேண்டிய இந்த விளையாட்டில், துப்பாக்கியின் ஒவ்வொரு திருகாணியும் நொடியின் ஒரு பின்னமாக மாறக்கூடியது. ஆகவே விதி எழுதுவோருக்கும் துப்பாக்கி செய்வோருக்கும் இடையே அரை நூற்றாண்டாக ஓர் இழுபறி நடந்துவருகிறது. ஆதாயத்தைத் தடைசெய்ய முயன்ற விதிகள் பெரும்பாலும் துப்பாக்கியின் வடிவத்தைத்தான் மாற்றியிருக்கின்றன. ஆதாயத்துக்கு ஒரு விலை வைத்த விதிகளே போட்டியைச் சுடுபவரின் கைக்குத் திருப்பித் தந்திருக்கின்றன.

இந்த விளையாட்டின் பன்னாட்டு அமைப்பான ஐ.பி.எஸ்.சி., 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலு, வேகம் என்ற மூன்றையும் குறிக்கும் லத்தீன் சொற்களை அது தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. மதிப்பெண் முறையே அந்த முழக்கத்தின் கணித வடிவம் எனலாம். இலக்கின் நடுப்பகுதியான ஏ மண்டலத்தில் பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள சி மண்டலத்திலும் விளிம்பில் உள்ள டி மண்டலத்திலும் பட்டால் கிடைக்கும் புள்ளி, தோட்டாவின் வலுவைப் பொறுத்தது. வலுவான தோட்டாவுக்கு முறையே 4, 2. வலு குறைந்த தோட்டாவுக்கு 3, 1. ஓர் அரங்கில், அதாவது ஒரு ஸ்டேஜில், ஈட்டிய மொத்தப் புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வரும் எண் 'ஹிட் ஃபேக்டர்' எனப்படுகிறது. அந்த எண் யாருக்கு அதிகமோ அவருக்கே அரங்கின் முழு மதிப்பெண், மற்றவர்களுக்கு அதன் விகிதத்தில்.

வலு என்பது இங்கே உவமையன்று, அளக்கப்படும் பொருள். தோட்டாவின் முனையிலிருந்து பறக்கும் ரவையின் எடையை கிரெயின் அலகிலும் (ஒரு கிரெயின் என்பது கிராமில் ஏறத்தாழ 0.065 பங்கு), அதன் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் அளந்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது 'பவர் ஃபேக்டர்'. இது 125-ஐ எட்டினால் 'மைனர்'; இன்று துப்பாக்கியின் வகைப்படி அமைந்துள்ள பிரிவுகளுள், இரும்புக் குறிமுள்ளுக்கான 'ஸ்டாண்டர்ட்' பிரிவில் 170-ஐயும், காம்பன்சேட்டரும் ஒளிநோக்கியும் செல்லும் 'ஓப்பன்' பிரிவில் 160-ஐயும் எட்டினால் 'மேஜர்'. 124 கிரெயின் ரவை நொடிக்கு 1,020 அடி வேகத்தில் சென்றால் பெருக்கம் 126-ஐச் சற்றே தாண்டி மைனரில் நிற்கும்; 180 கிரெயின் ரவை 950 அடி வேகத்தில் சென்றால் 171, மேஜர். இரண்டாவது தோட்டா கையில் தரும் உந்தம் முதலாவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் என்பதால், துப்பாக்கியின் வாய் மேலே எழும்பி மீண்டும் குறிக்குத் திரும்பக் கூடுதல் நேரமாகிறது. அந்த நேரத்துக்கான ஈடுதான் சி மண்டலத்தில் கிடைக்கும் கூடுதல் ஒரு புள்ளி.

இந்த ஈட்டின் அளவு சிறியதல்ல. 12 இலக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ரவை என்று 24 முறை சுட வேண்டிய அரங்கில், 20 ஏ, 4 சி என்று சுடும் மேஜர் வீரருக்கு 116 புள்ளி, அதே குறிகளைப் பெறும் மைனர் வீரருக்கு 112 புள்ளி. மேஜர் வீரர் 15 நொடியில் முடித்தால் அவருடைய ஹிட் ஃபேக்டர் 7.73, அதைத் தொட மைனர் வீரர் 14.48 நொடியில் முடிக்க வேண்டும். அரை நொடி என்பது தேர்ந்த வீரர் ஒருவர் இரண்டு மூன்று முறை சுட்டுவிடும் நேரம். வலுவான தோட்டாவை விதி கட்டாயப்படுத்தவில்லை, விலக்கவும் இல்லை. வேண்டுபவர் அதன் பின்னுதைப்பைச் சுமந்து புள்ளியை வாங்கிக்கொள்ளலாம், வேண்டாதவர் ஏ மண்டலத்தை விடாமல் பிடித்துக் கடனைத் தீர்க்கலாம். கருவி பற்றிய விதிகள் அத்தனையிலும் அறிவுக்கூர்மை மிக்கது இதுவே.

தொடக்க ஆண்டுகளில் பிரிவுகள் இருக்கவில்லை. எல்லோரும் ஒரே பட்டியலில் போட்டியிட்டனர். .45 ஏ.சி.பி. தோட்டாவைப் பயன்படுத்தும் கோல்ட் 1911 வகைத் துப்பாக்கியே அப்போது களத்தின் நாயகன். 1980-களில் ராப் லேதம், பிரையன் ஈனோஸ் ஆகிய வீரர்கள் இருவரும் .38 சூப்பர் என்ற, 1929-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த மெல்லிய தோட்டாவை எடுத்து, அதில் வெடிமருந்தைக் கூட்டி மேஜர் வலுவுக்கு ஏற்றி, குழலின் நுனியில் காம்பன்சேட்டர் என்னும் துளையிட்ட உலோகத் தொகுதியைப் பொருத்தியபோது ஆட்டத்தின் கணக்கு மாறியது. வெடிமருந்து எரிந்து எழும் வாயு, ரவையைத் தள்ளிய பின் இந்தத் துளைகள் வழியாக மேல்நோக்கிப் பீறிடும்போது துப்பாக்கியின் வாயைக் கீழே அழுத்துகிறது. வாயு எவ்வளவு மிகுதியோ அழுத்தமும் அவ்வளவு. எடை குறைந்த ரவைக்கு மேஜர் வலுவைத் தர அதிக மருந்து தேவைப்படுவதால், .38 சூப்பரில் காம்பன்சேட்டர் .45-இல் வேலை செய்வதைவிடப் பன்மடங்கு நன்றாக வேலை செய்தது. வலுவின் சுமைக்கு ஈடாகத் தரப்பட்ட புள்ளியை, சுமையைச் சுமக்காமலே பெறும் வழி திறந்துவிட்டது. ஓப்பன் துப்பாக்கியின் காதைப் பிளக்கும் ஒலிக்கும், சுடும்போது அது ஏறக்குறைய அசையாமல் கிடப்பதற்கும் காரணம் ஒன்றே.

அந்த வழிக்கு வேறு விலை இருந்தது. தொழிற்சாலை வரம்பைத் தாண்டிய அழுத்தத்தில், குழலின் அடியில் தாங்கல் இல்லாத சிறு பகுதியில் பித்தளைக் கூடு வெடித்து, சூடான வாயுவும் துணுக்குகளும் பின்னால் சீறியதுண்டு. வீரர்கள் இதற்கு 'சூப்பர் ஃபேஸ்' என்றே பெயர் வைத்திருந்தனர். தோட்டாவின் அடியை முழுமையாகத் தாங்கும் குழல்கள் பின்னர் வந்து இந்த ஆபத்தைக் குறைத்தன. அடுத்த மாற்றம் குறிநோக்கியில் வந்தது. 1990-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில், மின்கலத்தால் ஒளிரும் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியைப் பொருத்திய துப்பாக்கியால் டக் கேனிக் பட்டம் வென்றபின், சாதாரண இரும்புக் குறிமுள்ளோடு எவரும் முதலிடத்தைக் கனவு காண முடியாது என்பது தெளிவானது. விளையாட்டு 'ஓப்பன்' என்றும் 'ஸ்டாண்டர்ட்' என்றும் (அமெரிக்கக் கிளையான யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் 'லிமிடெட்' என்றும்) பிரிந்தது. இந்தப் போக்கை வெறுத்த பில் வில்சன் உள்ளிட்ட சிலர் 1996-இல் ஐ.டி.பி.ஏ. என்ற தனி அமைப்பையே தொடங்கினர். அவர்களும் கடைசியில் ஒரு பெட்டியைச் செய்து வைத்துக்கொண்டுதான் துப்பாக்கிகளை அளக்க வேண்டியிருந்தது.

ஸ்டாண்டர்ட் பிரிவின் பெட்டி 225 மில்லிமீட்டர் நீளம், 150 உயரம், 45 அகலம். மேகசின் பொருத்திய துப்பாக்கி இதற்குள் அடங்க வேண்டும். காம்பன்சேட்டருக்கும் ஒளிப்புள்ளிக்கும் இடமில்லை. மேஜர் மதிப்பெண் வேண்டுமானால் ரவையின் விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 1990-இல் சந்தைக்கு வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா இந்தப் பிரிவின் அரசனானதற்கு இந்தக் கடைசி நிபந்தனையே காரணம். பெட்டியின் 150 மில்லிமீட்டர் உயரம் இன்னும் சுவையான விளைவைத் தந்தது: துப்பாக்கியோடு சேர்த்து அளக்கப்படுவதால் பன்னாட்டு வீரரின் மேகசின் ஏறத்தாழ 126 மில்லிமீட்டரில் நின்றுவிட, மேகசினைத் தனியாக அளந்து 141.25 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கும் அமெரிக்கர் அதே துப்பாக்கியில் கூடுதல் தோட்டாக்களோடு களமிறங்குகிறார். விசையின் எடை, பிடியின் வடிவம், மேகசின் நுழைவாயிலின் அகலம் எதையும் பெட்டி கேட்பதில்லை. உள்ளே அடங்கினால் போதும். கைவினைஞருக்கு இது முழுச் சுதந்திரம், ஆகவே விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

அந்த விலைக்கு எதிராக எழுந்ததே 'புரொடக்ஷன்' பிரிவு. கடையில் வாங்கிய துப்பாக்கியை வாங்கியபடியே கொண்டுவந்து போட்டியிடலாம் என்பது அதன் வாக்குறுதி. பன்னாட்டு விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாதிரிகள் மட்டுமே செல்லும். குழலின் நீளம் 127 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தொடக்க ஒலிக்குப் பின் மேகசினில் 15 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லோரும் மைனர் மதிப்பெண்ணே பெறுவர், ஆகவே வலுவைக் கூட்டுவதால் பயனில்லை. உதிரிப் பாகங்கள் மூலத் தயாரிப்பாளருடையவையாக இருக்க வேண்டும் என்றும், பிசிறு நீக்குதல் போன்ற சிறு சீர்மைக்கு மேல் பாகங்களில் கை வைக்கக் கூடாது என்றும் விதி கண்டிப்பாகச் சொல்கிறது.

இந்தக் கண்டிப்பின் முதல் வேடிக்கை கிளாக் 34. கிளாக்கின் முந்தைய போட்டி மாதிரியான 17எல் ஸ்டாண்டர்ட் பெட்டிக்கு மிஞ்சிய நீளம் உடையதாக இருந்ததால், அதன் வழிவந்த 34, 225 மில்லிமீட்டர் பெட்டிக்குள் மயிரிழை இடைவெளியில் அடங்கும்படி வெட்டப்பட்டது. ஆனால் அதன் குழல் 135 மில்லிமீட்டர். ஆகவே அமெரிக்கப் புரொடக்ஷன் பிரிவில் பெரும் புழக்கத்தில் இருந்த அதே துப்பாக்கி, பன்னாட்டு வரம்பின் முன் எட்டு மில்லிமீட்டர் மிகையால் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு விதிக்கு அளவெடுத்துத் தைத்த துப்பாக்கி இன்னொரு விதிக்குப் பொருந்தாமல் போனது, இரு விதிகளுமே துப்பாக்கியின் இயல்பைப் பற்றியவை அல்ல என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது வேடிக்கை பெரிது. விசைக்கான விதி இரண்டு வழிகளைத் தருகிறது: முதல் சூட்டுக்கு விசையை இழுக்கக் குறைந்தது 2.27 கிலோ தேவைப்பட வேண்டும். அல்லது ஒவ்வொரு சூட்டுக்கும் குறைந்தது 1.36 கிலோ தேவைப்பட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் இழுபடும் கிளாக் போன்றவை இரண்டாவது வழியில் செல்கின்றன. ஹேமர் எனப்படும் சுத்தியல் வெளியே தெரியும் வகைகளோ முதல் வழியில் செல்கின்றன: முதல் இழுப்பு சுத்தியலைத் தூக்கவும் விடுவிக்கவும் செய்வதால் கனமாக இருக்கும்; சுட்டவுடன், குழலை மூடி முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியான ஸ்லைடு பின்னால் வந்து சுத்தியலைத் தானே தூக்கி வைத்துவிடுவதால் இரண்டாவது இழுப்பிலிருந்து விசை மிக இலகுவாகிவிடும். முதல் சூட்டை மட்டும் அளக்கும் விதி, அரங்கின் மீதி இருபதுக்கும் மேற்பட்ட சூடுகளை அளக்காமலே விட்டுவிடுகிறது. செக் நாட்டு சி.இசட். நிறுவனமும் இத்தாலியின் டான்ஃபோலியோவும் இந்த இடைவெளியைச் சரியாகப் படித்துக்கொண்டன. 2016-இல் வந்த சி.இசட். ஷேடோ 2, முழுக்க எஃகு, ஏறத்தாழ 1.33 கிலோ, வாயின் பக்கம் கனம் சேர நீண்ட அடிச்சட்டகம், கை உயரமாகப் பிடிக்க ஏதுவான பின்வளைவு. வெறும் கிளாக் 17-ஐப்போல இருமடங்கு எடை கொண்ட இதை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் திரிய எவரும் விரும்பமாட்டார். இது போட்டிக்காகவே செய்யப்பட்டது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வருவதால் விதியின் கண்ணில் அது 'கடையில் வாங்கிய துப்பாக்கி'. பட்டறைக் கைவினைஞர் செய்துவந்த திருத்தங்களைத் தடுத்த விதி, அவற்றைத் தொழிற்சாலைக்கு இடம் மாற்றியது. சாதாரண வீரருக்கு இது ஒருவகையில் நன்மையும்தான்: தனிக் கைவினைஞரிடம் மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற தரத்தை இப்போது அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விதி எழுதியோர் நினைத்தது அதுவல்ல என்பது மட்டுமே குறை.

கனமான முதல் இழுப்புக்கு ஒரு நுணுக்கமான சடங்கும் உண்டு. நடுவர் 'லோட் அண்ட் மேக் ரெடி' என்றதும் வீரர் மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்துவிட, தோட்டா அறைக்குள் போய்ச் சுத்தியல் தூக்கிய நிலையில் நிற்கும். அந்த நிலையில் உறைக்குள் வைக்க விதி அனுமதிக்காது. சுத்தியலை இறக்கத் தனி நெம்புகோல் இல்லாத மாதிரிகளில், வீரர் கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, தோட்டா இருக்கும் அறையின்மேல் அதை மெல்லக் கடைசிவரை இறக்க வேண்டும்; பாதியில் நிறுத்தினால் விதிமீறல், விரல் வழுக்கினால் தோட்டா வெடிக்கும். அப்படித் தவறி வெடித்தால் அன்றைய போட்டியே அவருக்கு முடிந்தது. முதல் சூட்டைக் கனமாக்குவது பாதுகாப்புக்காக என்று வாதிடுவோர், போட்டியின் மிக ஆபத்தான நொடிகளில் ஒன்றை அதே விதிதான் உண்டாக்குகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

விதியின் மதிப்பு, போட்டி நாளில் அதைச் சோதித்துப் பார்க்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டையின் தடிப்பு 67 மில்லிமீட்டருக்கும் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும் மிகக் கூடாது என்று 2017-இல் வந்த விதி, 2025 ஐ.பி.எல். தொடரில் நடுவர்கள் அளவுச்சட்டத்தை மைதானத்துக்கே கொண்டுவந்து மட்டையை அதற்குள் நுழைத்துப் பார்த்தபோதுதான் பார்வையாளருக்கு உறைத்தது. செயல்முறைச் சுடுதலில் இந்தச் சோதனை வெகுநாளாகவே கடுமையானது. வீரரிடமிருந்து எட்டுத் தோட்டாக்கள் எடுக்கப்படும்; ஒன்றின் ரவையைப் பிடுங்கி எடை போடுவர்; மூன்றை வேகமானியான குரோனோகிராஃபின் முன் சுடுவர்; வலு போதாவிட்டால் இன்னும் மூன்று சுட்டு, ஆறில் வேகம் மிகுந்த மூன்றின் சராசரியை எடுப்பர்; அதுவும் போதாவிட்டால் எஞ்சிய ஒரு தோட்டாவைச் சுடுவதா, அதன் ரவையை எடை போடுவதா என்று வீரரே தேர்ந்தெடுக்கலாம். பின்னத்துக்கு மதிப்பில்லை: 124.9 என்பது 125 ஆகாது. மேஜரில் தவறினால் மைனர் மதிப்பெண். மைனரிலும் தவறினால் தொடர்ந்து சுடலாம், ஆனால் மதிப்பெண் கிடையாது. பெட்டியிலோ விசையிலோ தவறியவருக்குத் தண்டனை விசித்திரமானது: அவர் ஓப்பன் பிரிவுக்கு மாற்றப்படுவார், அதாவது இரும்புக் குறிமுள்ளோடு ஒளிப்புள்ளிக்காரர்களின் நடுவே போய் நிற்பார். பெட்டி, எடைக்கல், வேகமானி இவை மூன்றும் பேசும் இடத்தில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. 'சிறு சீர்மை' எது, 'திருத்தம்' எது என்று நடுவர் ஸ்லைடைக் கழற்றி உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் சச்சரவு பிறக்கிறது. பளபளப்பாக்கிய ஒரு நெம்புகோலை, ஆயிரம் முறை சுட்டுத் தேய்ந்த நெம்புகோலிலிருந்து வேறுபடுத்திக் காட்ட எந்தக் கருவியும் இல்லை. அமெரிக்கக் கிளை இதை உணர்ந்தே உட்பாகங்களில் பெருமளவு தாராளம் காட்டியது. விசைக்கு நெடுங்காலம் கீழ்வரம்பும் வைக்கவில்லை.

அதே அமெரிக்கக் கிளை வேறோர் இடத்தில் சிக்கிக்கொண்டது. 1994 முதல் 2004 வரை அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களின் விற்பனையைத் தடுத்திருந்தது. பழையவற்றின் விலை ஏறியதால், எல்லோரும் சமமாகப் பத்தோடு நிற்கும் 'லிமிடெட் 10' பிரிவும் பத்துத் தோட்டா வரம்புள்ள புரொடக்ஷன் பிரிவும் அமைந்தன. சட்டம் காலாவதியான பிறகும் பல ஆண்டுகள் விதி நீடித்தது. பத்து மட்டுமே இருந்தால் எந்த இடத்தில் மேகசினை மாற்றுவது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருப்பதால், அது சுடுபவரின் மூளைக்கு வேலை தருகிறது என்ற புதுக் காரணமும் சேர்ந்துகொண்டது. காரணம் தவறில்லை, ஆனால் அது விதிக்குப் பின் பிறந்த காரணம்.

இன்று இழுபறியின் மையம் ஒளிப்புள்ளிக்கு நகர்ந்திருக்கிறது. இரும்புக் குறிமுள்ளில் சுடுபவர் முன்முள்ளின் மீது பார்வையைக் குவித்து, இலக்கை மங்கலாகவே பார்க்கிறார். ஒளிப்புள்ளியிலோ பார்வை இலக்கின்மீதே நிற்கலாம். வயதால் அருகுப் பார்வை மங்கிய வீரர்களுக்கு இது ஆண்டுகளைத் திருப்பித் தந்தது. ஓப்பன் துப்பாக்கியில் ஒளிநோக்கி சட்டகத்தில் அசையாமல் இருக்கும். பன்னாட்டு அமைப்பின் 'புரொடக்ஷன் ஆப்டிக்ஸ்', அமெரிக்காவின் 'கேரி ஆப்டிக்ஸ்' ஆகிய புதிய பிரிவுகளில் அது ஸ்லைடின்மீது அமர்ந்து ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னும் ஓடுவதால், புள்ளி சட்டத்தை விட்டு மறைந்து திரும்பும் பாதையைக் கண்ணால் தொடரும் திறன் தனிப் பயிற்சியாகிவிட்டது. கேரி ஆப்டிக்ஸ் பிரிவு, பெயருக்கேற்ப இடுப்பில் சுமந்து செல்லும் துப்பாக்கிக்கென்று தொடங்கியபோது எடை வரம்பு தாழ்வாகவே இருந்தது. பின்னர் அது 59 அவுன்ஸாக, அதாவது ஏறத்தாழ 1.67 கிலோவாக உயர்த்தப்பட்டதும் பித்தளைப் பிடித்தகடுகளும் கனமான அடிச்சட்டகங்களும் விற்பனைக்கு வந்தன. 2023-இல் அமெரிக்கா சோதனை முறையில் தொடங்கிய 'லிமிடெட் ஆப்டிக்ஸ்' அந்தப் பாசாங்கைக் கைவிட்டது: முதல் சூட்டிலிருந்தே இலகுவான விசை, அகன்ற மேகசின் வாய், ஸ்லைடின்மீது ஒளிப்புள்ளி எல்லாம் செல்லும்; காம்பன்சேட்டர் மட்டும் கூடாது, எல்லோருக்கும் மைனர் மதிப்பெண். சுத்தியலை விரலால் இறக்கும் சடங்கு அங்கே இல்லை. எல்லோரும் மைனர் என்றாக்கிவிட்டதால் வலுவுக்கும் வேகத்துக்கும் இடையிலான பேரமும் அங்கே இல்லை. சி மண்டலத்தில் பட்டவர் எவராயினும் மூன்று புள்ளியே பெறுகிறார்.